எம்.எஸ்சி.யா, ஏயூ.டி.யா: பேச்சு, செவித்துறை மேற்படிப்பில் எந்த அங்கீகாரத்தைப் பார்ப்பது?

மே மாதம் பிறந்தால் எனக்கு ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து போனில் வரும். தேனி, அருப்புக்கோட்டை, மேலூர், பரமக்குடி. "மேடம், அந்தக் காலேஜ் நாக்ல ஏ பிளஸ் பிளஸ் வாங்கியிருக்காம். பிள்ளைய மேல படிக்கச் சேர்க்கலாமா?" நாக் என்பது கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் தேசிய அமைப்பு. கேட்பவர் பெரும்பாலும் அப்பா. மகளோ மகனோ செவி, பேச்சுத் துறையின் இளநிலைப் பட்டமான பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்திருப்பார்கள்: மூன்று ஆண்டு பாடம், ஓராண்டு இன்டர்ன்ஷிப். அடுத்தது மாஸ்டர்ஸ்.

இந்த வருடம் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அக்கா மகள் படிப்பை முடித்துவிட்டு மூன்று வழிகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைசூருவில் எம்.எஸ்சி., அமெரிக்காவில் ஏயூ.டி. என்னும் செவித்துறை மேற்படிப்பு, ஆஸ்திரேலியாவில் இரண்டாண்டு மாஸ்டர்ஸ். "சித்தி, இதுல எது பெரிசு?" என்றாள். மதுரையில் 17 ஆண்டுகளாகக் காது பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் செய்து வருகிறேன். எனக்கு அந்தக் கேள்வியையே மாற்ற வேண்டும் என்று தோன்றியது. இந்தப் படிப்பை யார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அந்த ஒப்புதல் எந்த ஊரில் செல்லும்? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மாட்டுத்தாவணியில் நிற்கும் பஸ் புதுசா, சீட் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து யாரும் ஏறுவதில்லை. போர்டைப் பார்க்கிறோம். நாக் மதிப்பெண் பஸ்ஸின் நிலையைச் சொல்வது. கல்லூரி முழுவதையும், எல்லாத் துறைகளையும் சேர்த்து எடை போட்டது அது. பல்கலைக்கழகம் பட்டம் தர உரிமை பெற்றதா என்பதை யு.ஜி.சி. சொல்லும். ஆனால் இந்தப் பட்டத்தோடு ஒரு குழந்தையின் காதில் கருவி பொருத்தலாமா, பக்கவாதம் வந்து பேச்சிழந்தவருக்குப் பயிற்சி கொடுக்கலாமா என்பதை இரண்டும் சொல்லாது. அதைச் சொல்வது அந்தக் குறிப்பிட்ட படிப்புக்குக் கிடைத்த அங்கீகாரம் மட்டும்தான். அமெரிக்காவிலும் இதே கதைதான். பல்கலைக்கழகத்துக்கு ஓர் அங்கீகாரம், அதற்குள் நடக்கும் ஆடியாலஜி என்னும் செவித்துறைப் படிப்புக்கு இன்னோர் அங்கீகாரம். ஊர் உலகம் அறிந்த பெயருள்ள பல்கலைக்கழகத்திலும் இரண்டாவது இல்லாமல் போகலாம்.

சட்டம் தரும் முத்திரை

நம் நாட்டில் அந்த முத்திரையை வைத்திருப்பது ஆர்.சி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் வந்த அமைப்பு, மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஒரு கல்லூரி பி.ஏ.எஸ்.எல்.பி.யோ எம்.எஸ்சி.யோ நடத்த வேண்டுமானால் ஆர்.சி.ஐ. வல்லுநர்கள் வந்து பார்ப்பார்கள். ஆசிரியர்கள் எத்தனை பேர், ஒலி புகாத பரிசோதனை அறை உண்டா, நோயாளிகள் வருகிறார்களா என்று பார்த்து, இத்தனை மாணவர்கள், இந்தக் கல்வியாண்டு வரை என்று ஒப்புதல் தருவார்கள். படித்து முடித்தவர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதைத்தான் நாங்கள் சி.ஆர்.ஆர். நம்பர் என்கிறோம். அந்த நம்பர் இல்லாமல் தொழில் செய்தால் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

நம் துறைக்குச் சங்கம் இல்லாமல் இல்லை. இந்தியப் பேச்சு, செவிச் சங்கமான இஷா 1966 முதல் இருக்கிறது. மாநாடு நடத்துகிறது, ஆய்விதழ் வெளியிடுகிறது. ஆனால் படிப்புகளை அங்கீகரிப்பது அதன் வேலையாக இங்கே அமையவில்லை. அரசின் கவுன்சில்தான் அதைச் செய்கிறது. அமெரிக்காவோடு ஒப்பிடும்போது அடிப்படையான வேறுபாடு இதுதான். பெற்றோருக்கு இதை விளக்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒப்புதல் படிப்புக்குப் படிப்பு தனி, அதற்குக் காலக்கெடு உண்டு. இந்த இரண்டையும் கவனிக்காமல் அவதிப்பட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவள் சேர்ந்த கல்லூரியின் விளம்பரத்தில் "ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது இளநிலைப் படிப்பைப் பொறுத்தவரை உண்மை. முதுநிலைக்கு அந்த ஆண்டு ஒப்புதல் புதுப்பிக்கப்படவில்லை. இரண்டு வருடம் படித்து, ஆய்வேடு எழுதி, பட்டமும் வாங்கிய பிறகு, பதிவேட்டில் மேற்படிப்பைச் சேர்க்கப் போனபோதுதான் அவளுக்கே தெரிந்தது. அவள் அப்பா என் அறையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் அந்த விளம்பரத் தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: ஆர்.சி.ஐ. இணையதளத்தில் கல்லூரிப் பட்டியல் இருக்கிறது. அதில் கல்லூரி பெயர் மட்டும் பார்க்காதீர்கள். படிப்பின் பெயர், எத்தனை இடம், எந்த ஆண்டு வரை என்ற மூன்றையும் பாருங்கள்.

இதைவிட ஆபத்து, மூன்று மாதத்தில் "ஸ்பீச் தெரபி டிப்ளமா" தருகிறேன் என்று நோட்டீஸ் ஒட்டும் இடங்கள். ஆர்.சி.ஐ. ஒப்புதல் பெற்ற ஓராண்டு டிப்ளமா ஒன்று உண்டு, டி.ஹெச்.எல்.எஸ். என்பார்கள். அது உதவியாளர் நிலைக்கானது. மற்றவை வெறும் காகிதம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவில் தொழில் செய்ய மாஸ்டர்ஸ் கட்டாயமில்லை. பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்துப் பதிந்தவர் காது பரிசோதனை, பேச்சுப் பயிற்சி இரண்டையும் செய்யலாம். உசிலம்பட்டியிலோ சிவகங்கையிலோ ஒரே ஆள் இரண்டையும் பார்க்க வேண்டிய நிலையில் இது பெரிய வசதி. மாஸ்டர்ஸ் என்பது கற்பிக்க, ஆராய, ஒரு துறையில் ஆழமாக இறங்க. அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே மேற்படிப்புதான் தொழிலின் வாசல். அதுவும் காது, பேச்சு என்ற இரண்டில் ஒரு வாசல்.

சங்கம் தரும் முத்திரை

அமெரிக்காவில் இந்தத் துறையின் சங்கம் ஆஷா. 1925இல் ஒரு சிறு குழுவாகத் தொடங்கியது. அதன் கீழ் சி.ஏ.ஏ. என்றொரு அங்கீகாரக் குழு இருக்கிறது. சங்கத்தின் பிள்ளை என்றாலும் முடிவெடுப்பதில் தனித்து நிற்கும் குழு. பேராசிரியர்கள், தொழில் செய்பவர்கள், பொதுமக்கள் பிரதிநிதி என்று எல்லோரும் அதில் உண்டு. அமெரிக்கக் கல்வித் துறையும் இந்தக் குழுவை ஏற்றிருக்கிறது. அதாவது அரசு நேராகக் கல்லூரியைச் சோதிக்காமல், சோதிப்பவரைச் சோதிக்கிறது. தொழில் செய்யும் உரிமம் மாநில அரசு தருவது. ஆனால் அந்த உரிமம் கேட்கும் படிப்பு பெரும்பாலும் இந்தக் குழு ஏற்ற படிப்பாகத்தான் இருக்கும்.

சி.ஏ.ஏ. பார்ப்பது ஆறு விஷயங்கள். நிர்வாகம், ஆசிரியர்கள், பாடத்திட்டம், மாணவர்கள், மதிப்பீடு, வசதிகள். கல்லூரி முதலில் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுத வேண்டும். பிறகு அதே துறையில் இருப்பவர்கள் குழுவாக வந்து பார்ப்பார்கள். அந்தப் படிப்பைப் பற்றிப் பொதுமக்களும் கருத்துச் சொல்லலாம். ஒப்புதல் கிடைத்தால் எட்டு ஆண்டு ஓட்டம், நடுவில் ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை.

எனக்குப் பிடித்த விஷயம் இதற்குள் ஒன்று இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் தன் மாணவர்கள் என்ன ஆனார்கள் என்பதைத் தன் இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். உரிய காலத்தில் முடித்தவர் எத்தனை பேர், பிராக்சிஸ் என்னும் தேசியத் தேர்வில் தேறியவர் எத்தனை பேர், வேலை கிடைத்தவர் எத்தனை பேர். மூன்று ஆண்டுச் சராசரியில் இவை 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் குழு கேள்வி கேட்கும். நிலைமை மோசமானால் "நன்னடத்தைக் காலத்தில் உள்ளது" என்று பகிரங்கமாக எழுதிவிடுவார்கள். திருமங்கலத்தில் இருக்கும் ஒரு தகப்பனாரும் போனிலேயே அதைப் படித்துக்கொள்ளலாம். ஆர்.சி.ஐ. பட்டியலில் ஒப்புதல் உண்டா இல்லையா என்பது தெரியும். அங்கே படித்தவர்கள் தேறினார்களா, வேலை பார்க்கிறார்களா என்பது தெரியாது. அந்த விவரத்தை நம் கல்லூரிகளும் வெளியிட வேண்டும் என்று ஆர்.சி.ஐ. ஒரு வரி உத்தரவு போட்டால், எனக்கு வரும் போன்களில் பாதி தேவைப்படாது. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

புதிதாகத் தொடங்கும் படிப்புகளுக்கு சி.ஏ.ஏ. முதலில் "கேண்டிடசி" என்றொரு முன்நிலை தரும். அந்த நிலையில் சேர்ந்து படித்தாலும், தொழில் தகுதிக்கு ஆஷா தரும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். சட்டப்படி குறையில்லை. இருந்தாலும் இங்கிருந்து கடன் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை, மூன்று வருட முடிவுகளைக் கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில் சேர்வதுதான் நல்லது என்பேன். ஆடியாலஜிக்கு மட்டும் ஏ.சி.ஏ.இ. என்ற இன்னோர் அங்கீகார அமைப்பும் அங்கே உண்டு. செவித்துறைக்காரர்கள் தங்களுக்கென்று தனியாக வேண்டும் என்று உருவாக்கியது. சில கல்லூரிகள் இரண்டையும் வைத்திருக்கும். ஆஷாவின் சான்றிதழ் வேண்டுமென்றால் சி.ஏ.ஏ. பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆஸ்திரேலியா இன்னொரு விதம். அங்கே பேச்சுப் பயிற்சியாளரையும் செவி நிபுணரையும் அரசு பதிவேட்டில் சேர்ப்பதில்லை. மருத்துவர், செவிலியர் போல இவர்கள் தேசியப் பதிவு முறைக்குள் வரவில்லை. ஆகவே சங்கத்தின் ஒப்புதல்தான் எல்லாம். ஸ்பீச் பேத்தாலஜி ஆஸ்திரேலியா பேச்சுப் படிப்புகளை அங்கீகரிக்கிறது, ஆடியாலஜி ஆஸ்திரேலியா செவித்துறை மாஸ்டர்ஸ் படிப்புகளை அங்கீகரிக்கிறது. அரசின் மருத்துவக் காப்பீட்டில் பணம் வர வேண்டுமானால் சங்கத்தின் தகுதியைக் கேட்பார்கள். செவித்துறைக்கு இரண்டே ஆண்டு என்பது அமெரிக்காவோடு ஒப்பிட்டால் பெரிய லாபம். பிரிட்டனில் நிலைமை நம்முடையதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. பேச்சுப் பயிற்சிப் படிப்புகளை ஒப்புவது ஹெச்.சி.பி.சி. என்ற சட்டபூர்வ அமைப்பு. சங்கம் தனியாக இருக்கிறது.

முதலில் துறை, பிறகு நாடு

அக்கா மகளிடம் நான் கேட்டது, "உனக்குக் காதா, பேச்சா?" இதைத் தீர்க்காமல் நாட்டைத் தீர்க்க முடியாது. ஏனென்றால் இங்கே வாங்கும் எம்.எஸ்சி. நாளைக்கு அங்கே எவ்வளவு செல்லும் என்பது துறைக்குத் துறை மாறுகிறது.

ஆடியாலஜி என்றால், அமெரிக்காவில் 2012 முதல் ஆஷா சான்றிதழுக்கு முனைவர் நிலைப் பட்டம் கட்டாயம். அதுதான் ஏயூ.டி. இளநிலைக்குப் பிறகு வழக்கமாக நான்கு ஆண்டு. கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனையில். இங்கே இரண்டாண்டு எம்.எஸ்சி. ஆடியாலஜி முடித்துவிட்டுப் போனால் அந்தப் பட்டம் மட்டும் போதாது. அங்கே போய் மறுபடி ஏயூ.டி. படிக்க வேண்டியிருக்கும். ஆகவே அமெரிக்காவில்தான் காது பார்க்கப் போகிறேன் என்று முடிவே செய்துவிட்ட பிள்ளை இங்கே இரண்டு வருடத்தைச் செலவழிக்காமல் நேராகப் போவது நல்லது. செலவு பெரிது. சோழவந்தான் பக்கம் வயலை விற்றுத்தான் அனுப்ப வேண்டும் என்றால், ஆயிரம் முறை யோசிக்க வேண்டும்.

பேச்சு என்றால் கதை வேறு. அங்கே மாஸ்டர்ஸ் போதும். வெளிநாட்டில் படித்தவர்கள் தங்கள் பட்டத்தைச் சமநிலை மதிப்பீட்டுக்கு அனுப்பி, ஆஷாவுக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. அந்த நாட்டின் உரிய அமைப்பு ஏற்ற கல்லூரியாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. நமக்கு அந்த இடத்தில் ஆர்.சி.ஐ. ஒப்புதல் கை கொடுக்கும். பிறகு 400 மணி நேர மருத்துவப் பயிற்சிக்குச் சான்று, அதில் 25 மணி நேரம் உடனிருந்து பார்த்தது, 375 மணி நேரம் நேரடியாகச் செய்தது. அப்புறம் பிராக்சிஸ் தேர்வு. அதற்கும் மேல் 36 வாரம், 1260 மணி நேரம் வழிகாட்டியின் கீழ் வேலை. கஷ்டம்தான், ஆனால் கதவு திறந்திருக்கிறது. சில ஆங்கிலம் பேசும் நாடுகளின் சங்கங்கள் தங்களுக்குள் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. நம் சங்கம் அதில் இல்லை. ஆகவே இந்தச் சுற்று வழி.

இதனால்தான் எங்கே படித்தாலும் லாக் புக்கை ஒழுங்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எந்தத் தேதி, எந்த வயது நோயாளி, என்ன குறை, எத்தனை நிமிடம், யார் மேற்பார்வை, கையெழுத்து. இன்டர்ன்ஷிப் முடிந்ததும் அதைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு, ஐந்து வருடம் கழித்துக் கல்லூரி வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வருகிறவர்களுக்கும் ஒன்று. வெளிநாட்டுப் பட்டம் ஆர்.சி.ஐ. பதிவேட்டில் தானாக ஏறாது. தனியாக விண்ணப்பித்து மதிப்பீடு பெற வேண்டும். இங்கே பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்துப் பதிந்திருந்தால் அந்தப் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். தொடர் கல்விப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். ஊருக்கு வந்த மறுநாள் வேலையைத் தொடங்க அதுதான் வழி.

பட்டியலில் இல்லாத ஒன்று

எந்த அங்கீகாரக் குழுவும் அளந்து சொல்லாத ஒன்று இருக்கிறது. நாளைக்கு நம் முன்னால் உட்காரப் போகிற நோயாளி என்ன மொழி பேசுவார்?

ஒரு தாய் போன மாதம் ஐந்து வயதுப் பையனைக் கூட்டி வந்தார். பள்ளியில் பேச்சுக் குறை என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். பையன் "வாளப்பளம்" என்றான். தாயும் "வாளப்பளம்" என்றார். வெளியே காத்திருந்த தாத்தாவும் அப்படித்தான் சொன்னார். மதுரைப் பக்கத்தில் ழகரம் ளகரமாக ஒலிப்பது வட்டார வழக்கு. அதற்கு மருத்துவம் தேவையில்லை. வேறுபாடு என்பது குறைபாடு ஆகாது என்பதை ஆஷா பல காலமாக வலியுறுத்துகிறது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் அது பாடத்தின் பகுதி. நல்ல கொள்கை. ஆனால் எது வட்டார வழக்கு, எது குறை என்று காதால் பிரிக்கப் பழகுவது தமிழ் பேசும் பிள்ளைகளோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தால்தான் வரும். முனிச்சாலையில் வீட்டில் சௌராஷ்ட்ரம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் குழந்தைக்குப் பேச்சு தாமதமா என்று பார்க்க ஒரே மொழியில் சோதித்தால் தப்பான முடிவுதான் கிடைக்கும். அமெரிக்காவில் பெறும் 400 மணி நேரத்தில் இதற்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்?

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். அங்கே படித்து வந்தவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். ஒவ்வொரு பயிற்சிக்கும் "இது வேலை செய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தை எண்ணில் எழுதி வைக்கிறார்கள். நம் மாணவர்களில் பலருக்கு அதை நாங்கள் பிறகுதான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் என்னும் உள்செவிக் கருவி வைக்கிறார்கள். அறுவை முடிந்த பிறகு பேச்சைக் கொண்டு வருவது வாரா வாரம் நடக்கும் பயிற்சிதான். அதைப் பதிவு செய்யாமல், அளக்காமல் செய்தால் அந்தக் குழந்தையின் நல்ல வருடங்கள் வீணாகப் போகும். நெருங்கிய உறவில் திருமணம் வழக்கமாக இருக்கும் நம் பக்கத்தில் பிறவிச் செவித்திறன் குறைவு புதிய விஷயமில்லை. இங்கே திறமையான ஆட்கள் வேண்டும். யாராவது வெளியே போய்ப் படித்துவிட்டு வந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

வழிகளில் மைசூருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அகில இந்திய பேச்சு, செவி நிறுவனம் 1965இல் தொடங்கியது, மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நம் துறை இந்தியாவில் வேர் பிடித்த இடங்களில் அது முதன்மையானது. ஆடியாலஜிக்கும் பேச்சுக்கும் தனித்தனி எம்.எஸ்சி., நுழைவுத் தேர்வு வழியாக. ஒரே வளாகத்தில் தினமும் பல மொழி பேசும் நோயாளிகள். திருவனந்தபுரத்தில் நிஷ், சென்னையில் மெர்ஃப், ஸ்ரீ ராமச்சந்திரா என்று நல்ல இடங்கள் வேறும் உண்டு. சென்னையில் படித்தால் தமிழ் நோயாளிகளைப் பார்த்துப் பழகலாம். பேச்சுத் துறைக்குப் போகிறவர்களுக்கு நான் இதை எடுத்துச் சொல்வேன்.

அக்கா மகள் இரண்டு நாள் யோசித்தாள். பெரியாஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப்பின்போது பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சிழந்த ஒரு பெரியவரோடு மூன்று மாதம் உட்கார்ந்ததாகவும், கடைசி வாரம் அவர் தன் மனைவி பெயரைச் சொன்னதாகவும் சொன்னாள். "பேச்சுதான் சித்தி" என்றாள். அதோடு ஏயூ.டி. கதை முடிந்தது. ஆஸ்திரேலியாவை அவளே தள்ளி வைத்தாள். முதலில் மைசூருவில் எம்.எஸ்சி. பேச்சு மொழி நோயியல். வெளியே போவதைப் பிறகு, லாக் புக்கும் அனுபவமும் கையில் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். தமிழ் நோயாளிகளுக்காகச் சென்னையே நல்லது என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். நுழைவுத் தேர்வில் தேறி இடம் வாங்கியவள், விடுமுறைக்கு இங்கே வந்து என் கிளினிக்கில் உட்கார்ந்து அதைச் சரிக்கட்டுகிறேன் என்றாள். சரி என்றேன்.

தூத்துக்குடியிலிருந்து வரும் மைசூரு எக்ஸ்பிரசில் மதுரையில் ஏற டிக்கெட் போட்டாயிற்று. கட்டணம் கட்டுவதற்கு முந்தின நாள் ராத்திரி அக்கா, அத்தான், நான், அவள் நான்கு பேரும் உட்கார்ந்து ஆர்.சி.ஐ. பட்டியலைத் திறந்தோம். நிறுவனத்தின் பெயர் இருந்தது. அக்கா உடனே பணத்தை அனுப்பப் போனாள். "இரும்மா" என்று அவள் கையைப் பிடித்து, படிப்பின் பெயர், இடங்களின் எண்ணிக்கை, எந்த ஆண்டு வரை என்று மகளே ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். "இப்பக் கட்டும்மா" என்றாள்.